ஒரே கம்ப்யூட்டரில் 2 ரெக்கார்டிங் சாஃப்ட்வேர்... சத்தம் மட்டும் வரலையா? காரணமும் தீர்வும் இதோ!

எஃப்எல் ஸ்டுடியோவில் பீட் ரெடி. குரலை ரெக்கார்ட் செய்ய கியூபேஸைத் திறந்தால், ஆடியோ டிவைஸைத் திறக்க முடியவில்லை என்று மெசேஜ். சில நேரம் மெசேஜ்கூட வராது. ஸ்பீக்கர் மட்டும் கப்சிப்.

வீட்டிலேயே ஸ்டுடியோ வைத்து கவர் சாங், டப்பிங், பாட்காஸ்ட் செய்பவர்கள் பலர் இந்த இடத்தில்தான் பதறிப்போகிறார்கள். சிலர் விண்டோஸையே அழித்துவிட்டு மறுபடி இன்ஸ்டால் செய்கிறார்கள். சிலர் ஆடியோ இன்டர்ஃபேஸ் போயிடுச்சு என்று புதுசு வாங்கக் கிளம்பிவிடுகிறார்கள். பல நேரங்களில் இரண்டுமே தேவையில்லை. ஒரு சாஃப்ட்வேர் பிடித்து வைத்திருக்கும் டிவைஸை இன்னொரு சாஃப்ட்வேர் கேட்கிறது. அவ்வளவுதான் விஷயம்.

ஏன் இந்தச் சண்டை?

யூடியூப் பாட்டும் நோட்டிஃபிகேஷன் சத்தமும் ஒரே நேரத்தில் கேட்கிறதே, எப்படி? விண்டோஸுக்குள் ஒரு மிக்ஸர் இருக்கிறது. எல்லா சத்தத்தையும் கலந்து ஸ்பீக்கருக்கு அனுப்புவது அதுதான். அந்த வழியில் போனால் கொஞ்சம் தாமதம் ஆகும். பாட்டு கேட்பவருக்கு அது தெரியாது. ஆனால் ஹெட்போனில் தன் குரலைக் கேட்டுக்கொண்டே பாடுபவருக்குத் தெரியும்; தாளமே தடுமாறும்.

இந்தத் தாமதத்தைக் குறைக்க ஜெர்மனியின் ஸ்டெயின்பெர்க் நிறுவனம் 1997-ல் கொண்டுவந்ததுதான் ஏசியோ டிரைவர் முறை. இது விண்டோஸ் மிக்ஸரைத் தொடாமல், சாஃப்ட்வேரை நேரடியாக இன்டர்ஃபேஸுடன் இணைக்கிறது. வேகம் கிடைக்கும். ஆனால், பல ஏசியோ டிரைவர்கள் ஒரு நேரத்தில் ஒரு சாஃப்ட்வேருக்குத்தான் வழிவிடும். முதலில் வந்தவருக்குத்தான் சீட்!

தனி இன்டர்ஃபேஸ் இல்லாதவர்கள் லேப்டாப் சவுண்ட் கார்டுக்குப் போடும் 'ஏசியோ ஃபோர் ஆல்' டிரைவரிலும் இதே கதைதான். அது டிவைஸைப் பிடித்துவிட்டால் பிரவுசரில் சத்தம் வராது. பிரவுசரில் வீடியோ ஓடிக்கொண்டிருந்தால், அதற்கு டிவைஸ் கிடைக்காமல் போகலாம்.

முதலில் என்ன செய்யணும்?

டிரைவரை அழிப்பதற்கு முன் இந்த வரிசையில் பாருங்கள்:

1. எல்லாவற்றையும் மூடுங்கள். இரண்டு ரெக்கார்டிங் சாஃப்ட்வேர், பிரவுசர், வீடியோ கால் ஆப் எல்லாம். பிறகு டாஸ்க் மேனேஜரைத் திறந்து, மூடிய சாஃப்ட்வேர் பின்னணியில் இன்னும் ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால் 'எண்ட் டாஸ்க்' கொடுங்கள்.

2. ஒன்றை மட்டும் திறங்கள். சத்தம் வருகிறதா? மூடிவிட்டு அடுத்ததைத் திறங்கள். தனித்தனியாக இரண்டும் வேலை செய்தால், பிரச்னை இன்டர்ஃபேஸில் இல்லை.

3. டிவைஸை விட்டுக்கொடுக்கச் சொல்லுங்கள். கியூபேஸின் ஆடியோ செட்டிங்கில், பின்னணிக்குப் போனதும் டிரைவரை விடுவிக்கும் 'ரிலீஸ் டிரைவர்' ஆப்ஷன் உண்டு. எஃப்எல் ஸ்டுடியோவில் இதன் பெயர் 'ஆட்டோ க்ளோஸ் டிவைஸ்'. ரீப்பரிலும் இதேபோல் ஒரு ஆப்ஷன் இருக்கிறது. இதை டிக் செய்தாலே பலருக்குப் பிரச்னை தீர்ந்துவிடும்.

4. விண்டோஸின் டீஃபால்ட் அவுட்புட்டை மாற்றுங்கள். யூடியூப், நோட்டிஃபிகேஷன் எல்லாம் லேப்டாப் ஸ்பீக்கரில் வரட்டும். இன்டர்ஃபேஸ் ரெக்கார்டிங்குக்கு மட்டும் இருக்கட்டும்.

5. எந்த டிரைவர் தேர்வாகியிருக்கிறது என்று பாருங்கள். சில சாஃப்ட்வேர்கள் தங்களுடைய பொது ஏசியோ டிரைவரையும் சேர்த்தே இன்ஸ்டால் செய்யும். இன்டர்ஃபேஸ் வைத்திருப்பவர்கள், அதைத் தயாரித்த நிறுவனத்தின் டிரைவரையே இரண்டு சாஃப்ட்வேரிலும் தேர்வு செய்வது நல்லது.

சத்தம் வருது... ஆனா சுருதி மாறுதே!

சத்தமே வராவிட்டால் உடனே தெரிந்துவிடும். இது தெரியாமல் நடக்கும், அதனால்தான் ஆபத்து. மியூசிக் சிடியின் சாம்பிள் ரேட் 44,100. வீடியோ வேலைகளில் வழக்கம் 48,000. இன்டர்ஃபேஸ் ஒரு நேரத்தில் ஒரு ரேட்டில்தான் ஓடும்.

புராஜெக்ட் 44,100-ல் இருக்கும்போது இன்னொரு சாஃப்ட்வேர் இன்டர்ஃபேஸை 48,000-க்கு மாற்றிவிட்டால் என்ன ஆகும்? சில சாஃப்ட்வேர்கள் எச்சரிக்கும். எச்சரிக்காமல் அப்படியே ஓட்டினால், டிராக் சுமார் 9 சதவிகிதம் வேகமாக, ஒன்றரை செமிடோன் உயர்ந்து ஒலிக்கும். பாடுபவர் அந்தச் சுருதிக்கே பாடி முடித்துவிட்டுப் போய்விடுவார். பிறகு ரேட்டைச் சரிசெய்து போட்டுக் கேட்டால், குரல் கனத்து, இழுத்துக் கேட்கும். மறுபடி கூப்பிட்டுப் பாடவைக்க வேண்டியதுதான்.

எனவே விண்டோஸ் சவுண்ட் செட்டிங், இன்டர்ஃபேஸின் கன்ட்ரோல் பேனல், இரண்டு புராஜெக்ட் என எல்லா இடத்திலும் ஒரே எண் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

ரெண்டையும் ஒண்ணா ஓட்ட முடியாதா?

முடியும். வழிகள் இவை:

* சில இன்டர்ஃபேஸ்களின் டிரைவர் பல சாஃப்ட்வேர்களை ஒரே நேரத்தில் அனுமதிக்கும். இதை 'மல்டி கிளையன்ட்' என்பார்கள். அப்போதும் சாம்பிள் ரேட் ஒன்றாக இருக்க வேண்டும்.

* எஃப்எல் ஸ்டுடியோவை கியூபேஸ், ரீப்பர் போன்றவற்றுக்குள் பிளக்இன்னாகத் திறக்கலாம். அப்போது டிரைவரைப் பிடித்திருப்பது ஒரே சாஃப்ட்வேர்தான், சண்டைக்கே இடமில்லை.

* எளிய வழி: பீட்டை வேவ் ஃபைலாக எக்ஸ்போர்ட் செய்து, மற்றதில் இறக்கி அதன்மேல் பாடுங்கள்.

பழைய டுடோரியல்களில் 'ரீவயர்' பயன்படுத்தச் சொல்வார்கள். அது 2020-ஓடு நிறுத்தப்பட்டுவிட்டது. அதைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

மேக் வைத்திருப்பவர்களுக்கு?

ஆப்பிளின் கோர் ஆடியோ, ஒரே டிவைஸைப் பல சாஃப்ட்வேர்கள் பகிர அனுமதிக்கிறது. அதனால் 'டிவைஸ் கிடைக்கலை' என்ற தொல்லை குறைவு. ஆனால் சாம்பிள் ரேட் சிக்கல் அங்கேயும் உண்டு. 'ஆடியோ மிடி செட்டப்' ஆப்பைத் திறந்து பார்த்தால், டிவைஸ் எந்த ரேட்டில் ஓடுகிறது என்று தெரியும்.

இத்தனையும் பார்த்த பிறகும் சரியாகவில்லை என்றால் மட்டும் டிரைவரை நீக்கி, தயாரிப்பாளரின் இணையதளத்திலிருந்து மறுபடி இன்ஸ்டால் செய்யுங்கள். பாடுபவர் மைக் முன் நிற்பதற்கு முன்பே 10 விநாடி ரெக்கார்ட் செய்து போட்டுக் கேட்டுவிடுங்கள். சுருதியும் வேகமும் சரியாக இருந்தால், தைரியமாக டேக் போகலாம்.