மௌனத்தில் பேசும் ஓவியங்கள்

ஓவியக் கண்காட்சிக்குச் செல்வோரில் பலர் ஒரு படத்தின் முன் சில நொடிகளே நின்று, அதன் பெயரை வாசித்துவிட்டு அடுத்ததை நோக்கி நகர்கின்றனர். நமது செபமும் பல வேளைகளில் இவ்வாறே அமைந்துவிடுகிறது. சொற்களைச் சொல்லி முடித்து எழுந்துவிடுகிறோம். இறைவன் முன்னிலையில் அமர்ந்திருப்பதில்லை.

அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில், அமர்ந்திருப்பதற்கென்றே அமைந்த ஓவிய மண்டபம் ஒன்று உண்டு. ரொத்கோ சிற்றாலயம் என்பது அதன் பெயர். ஜோன் டி மெனில், டொமினிக் டி மெனில் என்னும் கத்தோலிக்கத் தம்பதியர் 1964இல் இதற்கான ஓவியங்களை வரையும் பணியை மார்க் ரொத்கோவிடம் ஒப்படைத்தனர். அவர் 1903இல், இன்றைய லத்வியாவில், யூதக் குடும்பமொன்றில் பிறந்தவர். கத்தோலிக்கச் சிற்றாலயமாகத் திட்டமிடப்பட்ட இம்மண்டபம், 1971 பெப்ரவரியில் எல்லாச் சமயத்தவருக்கும் உரியதாகத் திறந்துவைக்கப்பட்டது.

எண்கோண வடிவிலான மண்டபத்தின் சுவர்களில் 14 பெரும் ஓவியங்கள் உள்ளன. அந்த எண்ணிக்கை நமக்குச் சிலுவைப்பாதையின் நிலைகளை நினைவூட்டலாம். ஆயினும் அவற்றில் உருவங்கள் இல்லை. கருமையும் கருஞ்சிவப்பும் ஊதாவுமே உண்டு. உள்ளே நுழைபவருக்கு முதலில் இருள் மட்டுமே தெரியும். பொறுமையோடு அமர்ந்திருந்தால், கருமைக்குள்ளிருந்து ஊதா நிறம் மெல்ல வெளிப்படும். கூரைவழி வரும் ஒளி முகிலால் மங்கும்போது ஓவியமும் மாறித் தோன்றும். உண்மையில் ஓவியம் மாறவில்லை. ஒளி மாறியது, காணும் கண்ணும் பழகியது.

அந்த ஒளிக்காக ரொத்கோ பெரிதும் உழைத்தார். தமது ஓவியக்கூடத்தில் மண்டபச் சுவர்களின் மாதிரியை அமைத்து, கூரைச் சாளரத்தின் கீழ் பரசூட் துணியைக் கட்டி வெளிச்சத்தைத் தணித்து வரைந்தார். ஹூஸ்டனின் கடும் வெயிலோ அந்த மென்மைக்கு இடம் தரவில்லை. பலமுறை திருத்தங்கள் செய்யப்பட்டு, 2020இலேயே புதிய கூரைச் சாளரத்துடன் மண்டபம் மீண்டும் திறக்கப்பட்டது.

திறப்பு விழாவை ரொத்கோ காணவில்லை. 1970 பெப்ரவரியில் அவர் தமது உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். பிறருக்கு அமைதியின் இடத்தை அமைத்தவரின் உள்ளத்துயரை நம்மால் அளக்க இயலாது; தீர்ப்பிடுவதும் நமது பணியன்று.

சாக விரும்பிப் பாலைநிலத்துச் செடியின் கீழ்ப் படுத்த எலியாவை எண்ணிப் பார்ப்போம். காற்றிலும் நிலநடுக்கத்திலும் நெருப்பிலும் அல்ல, மெல்லிய ஓசையிலேயே அவர் ஆண்டவரைக் கண்டுகொண்டார். ஆனால் அதற்கு முன்னரே வானதூதர் அவரைத் தட்டியெழுப்பி, அப்பமும் தண்ணீரும் கொடுத்தார். சோர்ந்தவருக்கு முதலில் தேவைப்பட்டது உணவும் துணையுமே. அமைதியின் அனுபவம் அதன் பின்னரே வந்தது.

அன்பர்களே, இவ்வாரம் ஒருநாளாவது சொற்களைக் களைந்து பத்து நிமிடம் இறைவன் முன் அமர்வோம். முதலில் இருளே தெரிந்தாலும் எழுந்துவிடாதிருப்போம். அவ்வாறே, மனமுடைந்த ஒருவரின் இல்லம் சென்று, அறிவுரை கூறாது அவரருகிலும் அமர்ந்திருப்போம். அவ்விரு மௌனங்களிலும் நம்மைச் சந்திப்பவர் ஒருவரே.