பட்டா, அடங்கலைப் படமாக்கும்போது கவனிக்க வேண்டியவை

சொட்டு நீர்ப்பாசன மானியமானாலும், பயிர்க் காப்பீடானாலும், இன்று ஆவணங்களைக் கணினி வழியே பதிவேற்ற வேண்டியுள்ளது. தமிழகத்தில் சிறு, குறு விவசாயிகளுக்குச் சொட்டு நீர்ப்பாசனத்திற்கு 100 சதவீத மானியம் உண்டு. ஆனால் அதற்கு இணைக்கும் பட்டா, அடங்கல், புலப்படம், சிறு விவசாயி சான்று ஆகியவை தெளிவாக இருந்தால்தான் விண்ணப்பம் மேலே நகரும். புல எண் 112/3 என்பது மங்கி 112/8 எனத் தெரிந்தால் அது அடுத்தவர் நிலமாகிவிடும். காப்பீட்டின் கடைசி நாளன்று இவ்வாறு நேர்ந்தால் அந்தப் போகத்திற்கே காப்பீடு கிடைக்காமல் போகலாம். ஆகவே "கடைக்காரர் பார்த்துக்கொள்வார்" என்று விட்டுவிடாமல் உழவர்கள் இதன் அடிப்படையைத் தெரிந்துகொள்வது நல்லது.

ஸ்கேனர் எனும் கருவி தாளைச் சிறுசிறு புள்ளிகளாகப் பிரித்து, ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் எண்ணாகப் பதிவு செய்கிறது. அங்குலத்திற்கு 200 புள்ளி என வைத்தால் ஓர் ஏ4 தாளில் சுமார் 39 லட்சம் புள்ளிகள் அமையும். வண்ணத்தில் பதிந்தால், சுருக்குவதற்கு முன் இது 11 எம்.பி.க்கு மேல் வரும். 300 புள்ளி என்றால் 26 எம்.பி. விண்ணப்பத் தளங்களோ பல சமயம் சில நூறு கே.பி.க்கு மேல் ஏற்பதில்லை. எனவே சுருக்கியே ஆகவேண்டும். எப்படிச் சுருக்குவது என்பதில்தான் ஒரு வடிவத்திற்கும் இன்னொன்றுக்கும் வேற்றுமை.

எந்த ஆவணத்திற்கு எந்த வடிவம்?

1992-ல் தரப்படுத்தப்பட்ட ஜேபெக் வடிவம், படத்தை நீளவாக்கில் 8, அகலவாக்கில் 8 புள்ளி கொண்ட சிறு பாத்திகளாகப் பிரிக்கிறது. கண்ணுக்கு எளிதில் புலப்படாத நுணுக்கங்களை ஒவ்வொரு பாத்தியிலும் கழித்துவிடுகிறது. வெள்ளத்தில் சாய்ந்த பயிரின் படம், விண்ணப்பதாரர் படம் ஆகியவற்றுக்கு இது மிகவும் ஏற்றது. எழுத்துக்கு அவ்வளவு ஏற்றதல்ல. அளவுக்கு மீறிச் சுருக்கினால் எழுத்தின் ஓரங்களில் பூஞ்சணம் படர்ந்தாற்போல் மங்கல் தோன்றும். மேலும், ஜேபெக் கோப்பைத் திறந்து திருத்தி மீண்டும் சேமிக்கும் ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் கழிகிறது. கழிந்தது திரும்பி வராது.

1996-ல் வந்த பி.என்.ஜி. எதையும் கழிப்பதில்லை. புலப்படத்தின் மெல்லிய கோடுகளும், கோட்டருகே பொடி எழுத்தில் உள்ள அளவுகளும் இதில் அப்படியே நிற்கும். ஆனால் கைப்பேசியில் எடுத்த வண்ணப் படத்தை இதில் சேமித்தால் தாளின் சொரசொரப்பு, நிழல் எல்லாம் சேர்ந்து கோப்பு வீணாகப் பருத்துவிடும். டிஃப் என்ற வடிவமும் உண்டு. அது ஆவணக் காப்பகங்களுக்கு உரியது, சிறு விவசாயிக்குத் தேவைப்படாது.

பி.டி.எஃப். என்பது படமே அன்று, ஒரு பை போன்றது. அதனுள் எழுத்தும் இருக்கலாம், படமும் இருக்கலாம், பல பக்கங்களும் இருக்கலாம். வருவாய்த் துறையின் இணையத் தளத்திலிருந்து இறக்கும் பட்டா இவ்வகைக் கோப்பே. பலர் இதை அச்சிட்டு, அந்த அச்சை மறுபடி கைப்பேசியில் படம் எடுத்து அனுப்புகின்றனர். இது தேவையற்ற வேலை. செலவும் வீண், தெளிவும் போய்விடுகிறது. பி.டி.எஃப். ஏற்கப்படும் இடத்தில் இறக்கிய கோப்பையே இணைக்க வேண்டும். மின் கையொப்பம் கொண்ட சான்றுகளுக்கு இது மிக முக்கியம். படமாக மாற்றினால் கையொப்பத்தின் தோற்றம் மட்டும் மிஞ்சும், அதைக் கணினியில் சரிபார்க்க இயலாது. தளம் ஜேபெக்தான் கேட்கிறது என்றால் கோப்பிலிருந்து நேரடியாக 200 புள்ளி அளவில் மாற்றித் தரும்படி கேட்கவும். திரையைப் படம்பிடிப்பது இதற்கு ஈடாகாது. திரையில் தெரிந்த புள்ளிகள் மட்டுமே அதில் கிடைக்கும்.

கோப்பின் பெயரில் 'பி.டி.எஃப்.' என்பதை அழித்து 'ஜேபெக்' என்று எழுதினால் வடிவம் மாறிவிடாது. சாக்கில் வேறு ரகத்தின் பெயரை எழுதியது போலத்தான்.

பழைய கிரயப் பத்திரங்களை 300 புள்ளியில், வண்ணத்திலேயே பதிவது அவசியம். கறுப்பு வெள்ளை முறையில் வெளிறிய மையும் ஊதா முத்திரையும் சில சமயம் அறவே மறைந்துவிடும். கைப்பேசியில் எடுப்பதானால் பகல் வெளிச்சத்தில், தாளைச் சமமாக விரித்து, நேர் மேலிருந்து எடுக்கவும், பிளாஷ் வேண்டாம். சில ஐபோன்கள் எச்.இ.ஐ.சி. என்ற வடிவில் சேமிப்பதால் தளம் ஏற்க மறுக்கலாம். அமைப்பில் சென்று ஜேபெக் ஆக மாற்றிக்கொள்ளலாம்.

அளவைக் குறைக்கும்போது வரிசை முக்கியம். முதலில் தாளைச் சுற்றியுள்ள மேசை, தரை ஆகியவற்றை வெட்டி நீக்க வேண்டும். அடுத்து, முத்திரையின் நிறம் தேவையில்லாத தாள்களைச் சாம்பல் நிறத்திற்கு மாற்றலாம். பிறகு 150 புள்ளிவரை குறைக்கலாம். தரத்தைக் குறைப்பது கடைசி வழியாகவே இருக்கட்டும். முடிந்ததும் படத்தைப் பெரிதாக்கிப் புல எண், உட்பிரிவு, பரப்பு மூன்றையும் அசலுடன் ஒப்பிட்டுப் பார்க்கவும்.

முதலில் எடுத்த தெளிவான கோப்பை விதைநெல்போல் தனியே வைத்து, ஒவ்வொரு விண்ணப்பத்திற்கும் அதிலிருந்து நகல் எடுத்துச் சுருக்குவதே முறை. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிவிடுவதால் 'ஆவணம்' என்ற வழியில் அனுப்பவும்.

கடையில் வேலை முடிந்ததும் அங்குள்ள கணினியிலிருந்தும், அதன் குப்பைக் கூடையிலிருந்தும் கோப்புகளை அழிக்கச் சொல்ல வேண்டும். ஆதார் நகல் கேட்கும் இடங்களில் முதல் 8 எண்கள் மறைக்கப்பட்ட ஆதாரை ஏற்பார்களா என்று முதலில் விசாரிக்கவும். அதை ஆதார் ஆணையத்தின் தளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம்.