காரணம் புலப்படாத குழந்தை அழுகையும் தாயின் உணவும்

பிறந்து இரண்டு அல்லது மூன்று மாதமான ஒரு கைக்குழந்தை, நேற்றுவரை முகம் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது. இன்று மாலை விளக்கேற்றும் நேரத்தில் திடீரென அழத் தொடங்குகிறது. பால் கொடுத்தாலும் தோளில் சாய்த்தாலும் அழுகை அடங்குவதில்லை. வீட்டுப் பெரியவர்களில் ஒருவர் கண்ணேறு என்பார். மற்றொருவர் உரம் விழுந்தது என்பார். மூன்றாமவர், தாய் உண்டது பிள்ளைக்குச் சேரவில்லை என்று தீர்ப்புக் கூறுவார். இம்மூன்றாவது தீர்ப்பே கவனத்திற்குரியது. ஏனெனில் அன்று முதல் தாயின் இலையிலிருந்து பருப்பும் காய்கறியும் நீக்கப்படுகின்றன. இந்தச் செயல் குழந்தைக்கு நன்மை செய்யாது. சில வேளைகளில் அதன் உயிருக்கே ஊறு விளைவிக்கக் கூடும்.

இயல்பான அழுகை

இளங்குழந்தைகளின் அழுகையில் பெரும்பகுதி நோயால் உண்டாவதன்று. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் பிரேசல்டன் 1962-இல் 80 குழந்தைகளின் அழுகையை நாள்தோறும் குறித்துவைக்கச் செய்து ஆராய்ந்தார். இரண்டாவது வாரத்தில் நாளொன்றுக்குச் சுமார் 1¾ மணி நேரமாக இருந்த அழுகை, ஆறாவது வாரத்தில் 2¾ மணி நேரம் வரை உயர்ந்து, பின்னர் படிப்படியாகக் குறைந்தது. மாலை வேளைகளிலேயே அழுகை மிகுந்திருந்தது. அதற்கு முன்பே 1954-இல் வெசல் என்பாரும் அவருடைய துணைவர்களும், நாளுக்கு மூன்று மணிக்கு மேல், வாரத்தில் மூன்று நாளுக்கு மேல், மூன்று வாரத்திற்கு மேல் நீடிக்கும் அழுகையை மிகை அழுகை என்று வரையறுத்திருந்தனர். இத்தகைய குழந்தை நன்கு பால் குடிக்கும், எடை கூடும், அழாத நேரத்தில் தெளிவாக இருக்கும். மூன்று அல்லது நான்கு மாதங்களில் இவ்வழுகை தானே தணிந்துவிடும்.

வரிசையாகப் பார்க்க வேண்டியவை

அழுகின்ற குழந்தையைப் பார்க்கச் செல்லும் ஊழியர் முதலில் எளிய காரணங்களை ஒவ்வொன்றாக நீக்க வேண்டும். குழந்தைக்குப் பசியா, துணி நனைந்துள்ளதா, வெப்பமோ குளிரோ மிகுந்துள்ளதா என்று பார்த்தல் வேண்டும். பின்னர் உடைகள் அனைத்தையும் களைந்து, தலை முதல் கால் வரை நோக்க வேண்டும். கால் விரலில் தலைமயிரோ நூலோ சுற்றி இறுக்கியிருக்கலாம், பூச்சி கடித்திருக்கலாம், தொடையிடுக்கில் குடலிறக்கம் புடைத்திருக்கலாம்.

இவற்றுள் எதுவும் இல்லையெனில், குழந்தையைத் தாயின் மார்போடு அணைத்தல், மெல்லத் தாலாட்டுதல், தூளியில் இட்டு மெதுவாக ஆட்டுதல், இரைச்சலும் கூட்டமும் இல்லாத இடத்திற்குக் கொண்டு செல்லுதல் ஆகியன பயன் தரும். எதற்கும் அடங்காத அழுகை பெற்றோரின் பொறுமையைக் குலைப்பது இயற்கை. அப்போது குழந்தையைப் பாதுகாப்பான இடத்தில் மல்லாத்திக் கிடத்திவிட்டுச் சில நிமிடம் விலகியிருப்பதோ, பிறரிடம் ஒப்படைப்பதோ குற்றமாகாது. ஆனால் எக்காரணம் கொண்டும் குழந்தையைப் பிடித்து உலுக்குதல் கூடாது. உலுக்குவதால் மூளையில் இரத்தக் கசிவு உண்டாகி உயிரிழப்பு நேரலாம்.

வசம்பு, தேன், வயிற்றுவலித் திராவகங்கள், உறக்கம் தரும் மருந்துகள் ஆகியவற்றைப் புகட்டுதலும் தகாது. பிள்ளை வளர்ப்பான் என்று பெயர் பெற்றிருப்பினும் வசம்பு நச்சுத்தன்மை அற்றதன்று. முதல் ஆறு மாதங்களுக்குத் தாய்ப்பால் ஒன்றே போதுமானது.

அஞ்சத்தக்க அழுகை

இனி, மேற்கூறிய இயல்பான அழுகையினின்று முற்றிலும் வேறான ஓர் அழுகையைக் காண்போம். குழந்தை புஷ்டியாகவே தோன்றும். தாய்ப்பால் மட்டுமே குடித்து வளரும். இரண்டு முதல் ஐந்து மாத வயதிற்குள் ஒருநாள் திடீரென அமைதியிழந்து வீறிட்டு அழும்; பால் குடிக்க மறுக்கும்; வாந்தி எடுக்கும். மூச்சு விரைவாகும், உதடுகள் நீலம் பூக்கும். சில குழந்தைகளுக்குத் தொண்டை கம்மி, அழுவதுபோல் வாய் திறந்தாலும் ஓசை எழாது. உரிய சிகிச்சை இன்றேல், இதயம் செயலிழந்து சில மணி நேரத்திலேயே மரணம் நேரக்கூடும். இதுவே குழந்தைகளுக்கு வரும் பெரிபெரி நோய்.

இந்நோய்க்குக் காரணம் தயாமின் எனப்படும் பி1 ஜீவசத்தின் குறைவு. மாவுச்சத்தை எரித்துச் சக்தியாக மாற்றுவதற்கு இச்சத்து இன்றியமையாதது. தாயின் உணவில் அது குறைந்தால் தாய்ப்பாலிலும் குறையும். தாய்க்கோ கால் மதமதப்பும் எரிச்சலும் தவிர வேறு குறி தோன்றாமலிருக்கலாம். ஆகவே நோயின் மூலம் வீட்டாரின் கண்ணுக்குப் புலப்படுவதில்லை.

பிலிப்பைன்ஸ் நாட்டின் மணிலா நகரில், 1910-ஆம் ஆண்டையொட்டி, மருத்துவர் வெடர் என்பவரின் தூண்டுதலால் இரசாயன அறிஞர் இராபர்ட் வில்லியம்ஸ் அரிசித் தவிட்டிலிருந்து ஒரு சாறு தயாரித்தார். பெரிபெரியால் மரணத் தறுவாயிலிருந்த குழந்தைக்கு அதனைச் சொட்டுச் சொட்டாகப் புகட்டியபோது, சில மணி நேரத்திலேயே குழந்தை தேறியது. அந்த அனுபவத்தால் தூண்டப்பெற்ற வில்லியம்ஸ் பல்லாண்டுகள் உழைத்து, 1936-இல் தயாமினைச் செயற்கை முறையில் ஆக்கும் வழியைக் கண்டார்.

குன்னூரிலிருந்து ஐதராபாத்துக்கு

நம் நாட்டில் இவ்வாராய்ச்சிக்கு நீண்ட வரலாறு உண்டு. இன்று ஐதராபாத்தில் தார்நாகா பகுதியில் விளங்கும் தேசிய உணவூட்ட நிறுவனத்தின் தொடக்கமே பெரிபெரி விசாரணைதான். 1918-இல் நீலகிரியின் குன்னூரில், பாஸ்டர் நிலையத்தின் ஓர் அறையில், சர் இராபர்ட் மக்காரிசன் இவ்விசாரணையைத் தொடங்கினார். 1928-இல் அது உணவூட்ட ஆராய்ச்சிச் சாலையாக வளர்ந்தது. 1958-இல் ஐதராபாத்துக்கு மாற்றப்பட்டது. 1969-இல் இப்போதைய பெயரைப் பெற்றது.

அக்காலச் சென்னை மாகாணத்தின் வடபகுதியான ஆந்திரக் கடற்கரை மாவட்டங்களில் பெரிபெரி மிகுந்திருந்தது. மாகாணத்தின் பிற பகுதிகளில் அரிசியே முக்கிய உணவாயிருந்தும் நோய் அரிதாகவே காணப்பட்டது. இந்த வேற்றுமைக்கான விடை நெல்லைப் பக்குவப்படுத்தும் முறையில் இருந்தது. வடபகுதியினர் ஆலையில் தீட்டிய பச்சரிசியை உண்டனர். தெற்கே புழுங்கலரிசி வழக்கிலிருந்தது. நெல்லை ஊறவைத்து வேகவைக்கும்போது, தவிட்டிலுள்ள தயாமின் அரிசியின் உட்பகுதிக்குள் சென்று தங்கிவிடுகிறது. பின்னர் தீட்டினாலும் அது முழுதும் போய்விடுவதில்லை. 100 கிராம் தீட்டிய பச்சரிசியில் ஏறத்தாழ 0.06 மில்லிகிராம் தயாமின் மட்டுமே உள்ளது. தீட்டிய புழுங்கலரிசியில் அதைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு உள்ளது. ஆராய்ச்சிச் சாலையின் இயக்குநர் ஆய்க்ராய்டும் கிருஷ்ணனும் அம்மாவட்டங்களின் சிசு மரணங்களை ஆராய்ந்து 1941-இல் கட்டுரை வெளியிட்டனர்.

இந்நோய் பழங்கதையாகிவிடவில்லை. தீட்டிய அரிசியையே பெரிதும் உண்ணும் காஷ்மீர்ப் பள்ளத்தாக்கிலும், அயல்நாடுகளான கம்போடியா, லாவோஸ் ஆகியவற்றிலும் இந்நூற்றாண்டிலும் குழந்தைகளிடம் இது கண்டறியப்பட்டுள்ளது.

பத்தியம் விளைக்கும் தீங்கு

பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியம் இடுவது நம் நாட்டில் பல சமூகங்களின் வழக்கம். பருப்பு வாயு என்றும், நிலக்கடலை பித்தம் என்றும் விலக்கப்படுகின்றன. எஞ்சுவது பலமுறை கழுவி, கஞ்சியை வடித்துக் கொட்டிய சோறு. தயாமின் நீரில் கரையக்கூடியதாதலின், கழுநீரோடும் வடிகஞ்சியோடும் பெரும்பகுதி போய்விடுகிறது. பத்தியத்தோடு சேர்ந்து வரும் வெற்றிலை பாக்கும், கடுந்தேநீரும் எஞ்சிய சத்தையும் உடலுக்குப் பயன்படாதவாறு செய்யக்கூடும்.

இந்நிலையில் குழந்தை அழுதால், தாயின் உணவே காரணம் எனக் கருதிப் பத்தியம் மேலும் கடுமையாக்கப்படுகிறது. தாய் உண்டதால் வந்த தீங்கன்று, உண்ணாததால் வந்த தீங்கு என்பதை வீட்டார் உணர்வதில்லை. உண்மையில் அத்தாய்க்கு வேண்டியவை கைக்குத்தல் அரிசி அல்லது புழுங்கலரிசி, துவரை, கடலை, பயறு முதலிய பருப்பு வகைகள், எள், நிலக்கடலை ஆகியன. அரிசியை ஓரிரு முறை மட்டும் கழுவி, அளவான நீரில் கஞ்சி வடியாமல் சமைத்தலும் பெரும்பயன் தரும்.

உடனே மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டிய நிலை

கீழ்க்காணும் குறிகளுள் ஒன்று தோன்றினும் காலந்தாழ்த்தலாகாது:

1. பால் குடிக்க மறுத்தல், அல்லது துவண்டு கிடத்தல்.
2. குரல் கம்முதல், முனகல், ஓசையற்ற அழுகை.
3. இரண்டு மாதத்திற்குட்பட்ட குழந்தைக்கு நிமிடத்திற்கு 60 அல்லது அதற்கு மேலும், அதற்கு மேற்பட்ட குழந்தைக்கு 50 அல்லது அதற்கு மேலும் மூச்சு வாங்குதல். விலாவின் கீழ்ப்பகுதி உள்ளிழுத்தல்.
4. மூன்று மாதத்திற்குட்பட்ட குழந்தைக்கு 38 பாகை செல்சியஸ் அல்லது அதற்கு மேற்பட்ட காய்ச்சல்.
5. பச்சை நிற வாந்தி, இரத்தம் கலந்த மலம், விட்டுவிட்டு வீறிட்டழுது கால்களை மடக்குதல்.
6. வலிப்பு, உச்சிக்குழி புடைத்தல், உதடு நீலமாதல்.

ஐதராபாத்தில் 2005-இல் தொடங்கப்பெற்றுப் பிற மாநிலங்களுக்கும் பரவிய 108 ஊர்தி இத்தருணத்தில் உதவும். தாய் நெடுநாள் பத்தியத்தில் இருப்பதையும், எவ்வகை அரிசி உண்கிறாள் என்பதையும் ஊழியர் மருத்துவரிடம் தவறாது கூற வேண்டும். இச்செய்தி கிடைத்தால் மருத்துவர் தயாமின் குறைவைக் கருத்தில் கொள்வார். இக்குறைவே காரணமாயின், ஊசி மூலம் தயாமின் செலுத்தப்பட்ட குழந்தை சில மணி நேரத்தில் தேறத் தொடங்கும். தாய்க்கும் தயாமின் அளித்துத் தாய்ப்பாலைத் தொடரச் செய்யலாம்.

ஆசிரியர்கள் இச்செய்தியை உடல்நலப் பாடத்தோடு இணைத்து, அரிசியின் தவிட்டையும் கஞ்சியையும் பற்றி மாணவர்க்கு விளக்கலாம். ஊழியர்கள் தாயிடம் மட்டுமன்றி, அடுக்களையை ஆளும் மாமியாரிடமும் பாட்டியிடமும் பேசுதல் வேண்டும். குழந்தை ஏன் அழுகிறது என்று கேட்குமுன், அதன் தாய் இன்று என்ன உண்டாள் என்று கேட்கும் பழக்கம் ஒவ்வொரு வீட்டிலும் ஏற்படுமாயின், தடுக்கக்கூடிய மரணங்கள் சில தடுக்கப்படும்.