கரன்ட் போன பிறகு மூன்று நாள்

புயல் கரையைத் தொடுவதற்கு முன்பே பல இடங்களில் மின்வாரியம் மின்சாரத்தை நிறுத்திவிடும். அறுந்து விழும் கம்பியை மிதித்து யாரும் உயிரிழந்துவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது, சரியான ஏற்பாடும்கூட. ஆனால் அந்த நிமிடத்திலிருந்து வீட்டில் ஒவ்வொன்றாக நிற்கத் தொடங்கும். மோட்டார் ஓடாது, மேல்தொட்டி காலியானதும் குழாயில் காற்றுதான் வரும். குடிநீர் சுத்திகரிக்கும் இயந்திரம் நின்றுவிடும். ஃப்ரிட்ஜில் இருக்கும் இன்சுலின் மெல்லச் சூடேறும். செல்போன் கோபுரம் சிறிது நேரம் பேட்டரியிலும் ஜெனரேட்டரிலும் தாக்குப்பிடிக்கும். டீசல் வண்டி வெள்ளத்தைக் கடந்து வர முடியாவிட்டால் அதுவும் அடங்கிவிடும்.

வீட்டில் ஓர் அவசரகாலப் பை தயார் செய்ய நினைப்பவர்கள் பெரும்பாலும் கடைக்குப் போய் டார்ச்சும் பிஸ்கட்டும் வாங்குகிறார்கள். அதற்கு முன் வீட்டைச் சுற்றி வந்து, இங்கே மின்சாரம் என்னென்ன வேலை செய்கிறது என்று எழுதிப் பார்க்க வேண்டும் என்பேன். அந்த வேலைகளை மூன்று நாளைக்கு வேறு எது செய்யும் என்பதற்கான விடைதான் பைக்குள் போக வேண்டியது.

மூன்று நாள் என்பது வெறும் கணக்கு அல்ல. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை கொட்டியது. அப்போது திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோனது. சுமார் 800 பயணிகளில் பலர் அங்கேயே சிக்கிக்கொண்டார்கள். ஹெலிகாப்டரில் உணவு கொண்டுவர வேண்டியிருந்தது. உதவி புறப்பட்டாலும் வந்து சேர நாளாகும். 2018 நவம்பரில் கஜா புயல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்களைச் சாய்த்தபோது, டெல்டா கிராமங்கள் பல வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. ஆகவே மூன்று நாள் என்பது குறைந்தபட்ச அளவு.

முதலில் தண்ணீர். குடிக்கவும் சமைக்கவும் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு மூன்று லிட்டர் வேண்டும். நால்வருக்கு மூன்று நாளென்றால் 36 லிட்டர், அதாவது இருபது லிட்டர் கேன் இரண்டு. புயல் எச்சரிக்கை வந்த பிறகு கேன் போடுபவருக்கு போன் செய்தால் கிடைக்காது. தரையடித் தொட்டியை நம்பவும் முடியாது. தெருவில் தேங்கிய சாக்கடை முதலில் இறங்குவது அங்கேதான்.

கேன் தீர்ந்தால் கலங்கல் தண்ணீரைத்தான் தெளியவைத்தாக வேண்டும். கலங்கலுக்குக் காரணமான களிமண் துகள்கள் மிக நுண்ணியவை. எல்லாமே எதிர்மின்னூட்டம் கொண்டவை என்பதால் ஒன்றையொன்று விலக்கிக்கொண்டு படியாமல் மிதக்கும். படிகாரத்தைக் கரைத்தால் அதிலுள்ள அலுமினியம் அந்த மின்னூட்டத்தைச் சமன்செய்யும். துகள்கள் திரண்டு அடியில் படியும். பானையின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை உரசி நம் ஊர்களில் தண்ணீரைத் தெளியவைத்ததும் துகள்களைத் திரளவைக்கும் வேலைதான். ஆனால் தெளிந்த தண்ணீரெல்லாம் நல்ல தண்ணீர் ஆகிவிடாது. கிருமி சாக வேண்டுமானால் நன்றாகக் கொதிக்கவைக்க வேண்டும், அல்லது குளோரின் மாத்திரை போட வேண்டும். வரிசை முக்கியம்: தெளியவைத்து, துணியில் வடிகட்டி, அதன்பிறகே மாத்திரை. கலங்கலில் நேராகப் போட்டால் அழுக்கோடு வினைபுரிந்தே குளோரின் தீர்ந்துவிடும். அட்டையில் குறித்த அளவில் போட்டு அரைமணி நேரம் விட வேண்டும். அப்போதும் லேசாகக் குளோரின் வாடை அடித்தால் போதிய அளவு இருக்கிறது என்று பொருள். 2023-இல் எண்ணூர்ப் பக்கம் நடந்ததுபோல வெள்ளத்தில் எண்ணெய் கலந்திருந்தால் இந்த வழி எதுவும் உதவாது. அந்தத் தண்ணீரைத் தொடாமலிருப்பதே நல்லது.

வெள்ளத்துக்குப் பின் வரும் வயிற்றுப்போக்குக்கு ஓ.ஆர்.எஸ். பொட்டலங்கள் குறைந்தது பத்து பையில் இருக்க வேண்டும். குடல் தனி உப்பைச் சரியாக உறிஞ்சாத நிலையிலும், குளுக்கோஸ் சேர்ந்து வந்தால் இரண்டையும் சேர்த்து உள்ளே இழுத்துக்கொள்கிறது; அவற்றின் பின்னால் தண்ணீரும் போகிறது. 1971-இல் வங்கதேச அகதிகள் குவிந்திருந்த பன்காவ் முகாமில் காலரா பரவி, சிரைவழி ஏற்றும் திரவம் தீர்ந்துபோனபோது, மருத்துவர் திலீப் மஹலாநபிஸ் இந்தக் கரைசலை டிரம்களில் கலக்கிக் குடிக்கக் கொடுத்தார். முப்பது சதவீதம் அளவுக்கு இருந்த இறப்பு நான்கு சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. ஒரு பொட்டலத்துக்குச் சரியாக ஒரு லிட்டர் தண்ணீர். கண்ணளவில் கலக்கக் கூடாது.

சாப்பாட்டுக்கு அவலை மிஞ்சிய பொருள் எனக்குத் தெரிந்து இல்லை. நெல்லை ஊறவைத்து, வறுத்து, தட்டும்போதே அதன் மாவுச்சத்து வெந்துவிடுகிறது; அதனால்தான் பச்சைத் தண்ணீரில் நனைத்தாலே சாப்பிடும் பதத்துக்கு வருகிறது. கூடவே பொட்டுக்கடலை, வெல்லம், கடலை மிட்டாய், பேரீச்சம்பழம். கைக்குழந்தை இருந்தால் பால் பவுடர்.

மருந்தில் இன்சுலின்தான் பலரையும் பதறவைக்கிறது. பிரித்துப் பயன்படுத்தும் குப்பி, கடும் வெப்பம் படாத அறையில் பெரும்பாலும் நான்கு வாரம் வரை தாங்கும். புயல் ஓய்ந்து வெயில் வந்தும் கரன்ட் வராத நாட்களில், மருந்தை பிளாஸ்டிக் உறையில் போட்டு, ஈரமணல் மேல் வைத்த சிறு மண்பானைக்குள் வைத்தால் நீர் ஆவியாகும்போது வெப்பத்தையும் எடுத்துப் போகும். ஐஸ் கட்டியோடு ஒட்டி மட்டும் வைக்காதீர்கள். ஒருமுறை உறைந்த இன்சுலின் வீண். ரத்த அழுத்தம், இதயம், வலிப்பு ஆகியவற்றுக்கான மாத்திரைகள் பத்து நாளைக்கு இருக்கட்டும், மருந்துச் சீட்டின் நகலோடு.

பத்தாயிரம் மில்லி ஆம்பியர் மணி என்று போட்டிருக்கும் பவர் பேங்க், மின்னழுத்தத்தை உயர்த்துவதாலும் அப்போது ஏற்படும் இழப்பாலும், ஏறக்குறைய ஆறாயிரத்தைத்தான் போனுக்குத் தரும். சாதாரண போனை ஒரு முறைக்குச் சற்று மேல் நிரப்பலாம், அவ்வளவே. செய்தி கேட்க பேட்டரியில் ஓடும் சிறு ரேடியோ வைத்துக்கொள்ளுங்கள். டார்ச், ரேடியோ இரண்டிலும் பேட்டரியைக் கழற்றித் தனியே வையுங்கள். உள்ளேயே கிடந்தால் காரம் கசிந்து முனைகளை அரித்துவிடும். மாநிலக் கட்டுப்பாட்டு அறையின் 1070, மாவட்டத்தின் 1077 இரண்டையும் ஒரு தாளில் எழுதி ஒட்டுங்கள். போன் அணைந்தால் அதிலுள்ள எண்களும் போய்விடும்.

பணமும் மின்சாரத்தைச் சார்ந்தது என்பதை 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னைக்குக் காட்டியது. பணமதிப்பிழப்பு அறிவித்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. கையில் நோட்டு இல்லை, கரன்ட் போனதும் கார்டும் வேலை செய்யவில்லை. பத்து, இருபது, ஐம்பது ரூபாய்த் தாள்களாக இரண்டாயிரம் ரூபாய் பையில் இருக்கட்டும். ரேஷன் அட்டை, பத்திரம், சான்றிதழ்களின் நகல்களை நீர்புகாத உறையில் சேர்த்து வையுங்கள். 2015 சென்னை வெள்ளத்தில் இவற்றைத் தொலைத்தவர்களுக்காக அரசு தனி முகாம்களே நடத்த வேண்டிவந்தது.

பை கனமாகிவிட்டால் எடுத்துக்கொண்டு படியேற முடியாது. தண்ணீரும் அவலும் பரணில் இருக்கட்டும். மருந்து, ஆவணம், டார்ச், விசில், மாற்று மூக்குக்கண்ணாடி, சானிட்டரி நாப்கின் இவை மட்டும் தோளில் மாட்டும் பைக்குள். வீட்டில் உள்ள எல்லாருக்கும் அது தொங்கும் ஆணி தெரிந்திருக்க வேண்டும்.

பையைப் பிரித்துப் புதுப்பிக்க நம்மிடம் ஏற்கெனவே ஒரு நாள் இருக்கிறது. ஆயுதபூஜை பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழைக்குச் சற்று முன்னால் வருகிறது. வீடும் அன்று எப்படியும் துடைத்துச் சுத்தமாகும். பூஜைக்கு அவலும் பொரியும் பொட்டுக்கடலையும் வாங்கும்போது கூடுதலாக இரண்டு கிலோ வாங்கிப் பைக்கென்று எடுத்துவையுங்கள். பழையதை அன்றே தாளித்துச் சாப்பிட்டுவிடலாம். மாத்திரைகளின் காலாவதித் தேதியைப் பார்த்து, பவர் பேங்கை முழுதாக ஏற்றி, கேனில் புதுத் தண்ணீர் பிடித்துவிட்டால் அந்த வருட மழைக்கு வேலை முடிந்தது.