கடைக் கம்ப்யூட்டரில் விலாசமும் தவணையும்: எந்த மென்பொருளைத் தேர்ந்தெடுப்பது?

நம் கடைகளுக்குக் கம்ப்யூட்டர் வந்து வெகுகாலம் ஆகிவிட்டது. பில் போடவும், சரக்கு இருப்புப் பார்க்கவும், ஜி.எஸ்.டி. கணக்கு அனுப்பவும் ஏதாவது ஒரு மென்பொருள் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆனால் வியாபாரத்தை நடத்துகிற விவரங்களில் பாதி அதில் இருப்பதில்லை. புளி அனுப்பும் மண்டியின் போன் நம்பர் சிட்டையின் பின் அட்டையில் இருக்கிறது. தராசுக்கு முத்திரை போட வேண்டிய தேதி முதலாளியின் நினைவில் இருக்கிறது. கடனுக்குச் சரக்கு எடுத்தவர் என்றைக்குத் தருவதாகச் சொன்னார் என்பது கல்லாவில் நிற்கும் பையனுக்குத்தான் தெரியும். முதலாளி நான்கு நாள் படுத்துவிட்டால், அல்லது பையன் வேறு கடைக்குப் போய்விட்டால், அந்த விவரமும் கூடவே போய்விடுகிறது. வசூலாக வேண்டிய பாக்கி நின்றுபோகிறது.

இவற்றை ஒழுங்காக வைப்பதற்கென்றே ஒரு வகை மென்பொருள் உண்டு. விலாசப் புத்தகம், நாட்காட்டி, செய்ய வேண்டிய வேலைகளின் பட்டியல், குறிப்பேடு ஆகிய நான்கும் ஒன்றாகச் சேர்ந்தது அது. பி.ஐ.எம். என்று சுருக்கமாகச் சொல்வார்கள். பில் போடும் மென்பொருளுக்கு இது மாற்று அல்ல. யாரிடம் எவ்வளவு பாக்கி என்பதை அது சொல்லும். அவரை என்றைக்குக் கேட்க வேண்டும் என்பதை இது நினைவூட்டும்.

முதலில் தேவையை எழுதுங்கள்

கடைக்காரர் ஐந்து நிமிடம் உட்கார்ந்து, தவறவிடக் கூடாத தேதிகளை ஒரு தாளில் எழுத வேண்டும். மாதக் கணக்கு அனுப்புவோருக்கு ஜி.எஸ்.டி.ஆர்.-1 படிவம் 11ஆம் தேதி, 3பி படிவம் 20ஆம் தேதி. வரி கட்ட வேண்டிய மாதத்தில் 3பி தாமதமானால் நாள் ஒன்றுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம், வட்டி தனி. எலெக்ட்ரானிக் தராசுக்கு ஆண்டுக்கு ஒரு முறை மறுமுத்திரை. பதிவு பெற்ற சிறு உற்பத்தியாளரிடம் மசாலாத் தூளோ அப்பளமோ வாங்கினால், 2006ஆம் ஆண்டின் சிறுதொழில் சட்டப்படி 15 நாளில் பணம் கொடுக்க வேண்டும். எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளைத் தாண்டக் கூடாது.

இவற்றில் பல திரும்பத் திரும்ப வருபவை. ஆகவே ஒரு முறை பதிந்தால் மாதந்தோறும், ஆண்டுதோறும் தானாக நினைவூட்டும் வசதி மென்பொருளில் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரே நபரின் பெயரில் போன், விலாசம், ஜி.எஸ்.டி. எண், குறிப்பு எல்லாம் சேர்ந்து தெரிய வேண்டும். தேடினால் உடனே வர வேண்டும். இதற்கு மேல் உள்ள அலங்காரங்களுக்குப் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

வெளியே எடுக்க முடியுமா?

தேர்வில் முதல் இடம் இந்தக் கேள்விக்குத்தான். காரணம், மென்பொருளுக்கும் ஆயுள் உண்டு. 1984இல் வந்த போர்லண்ட் சைட்கிக் ஒரு காலத்தில் எங்கும் பேசப்பட்டது. 1990களில் லோட்டஸ் ஆர்கனைசர் புகழ் பெற்றிருந்தது, 2013இல் ஐ.பி.எம். அதன் விற்பனையை நிறுத்தியது. எக்கோ புரோ என்ற நல்ல மென்பொருளின் வளர்ச்சி 1997இலேயே நின்றது. விண்டோஸுடன் இலவசமாக வந்த மெயில், காலண்டர் செயலிகளுக்கான ஆதரவை மைக்ரோசாப்ட் 2024 டிசம்பர் 31உடன் முடித்துக்கொண்டது. பெரிய கம்பெனியின் பெயர் மட்டும் நமக்குப் பாதுகாப்பு ஆகாது.

ஆகவே, பதிந்த விவரங்களை வேறு எந்த மென்பொருளும் படிக்கக்கூடிய பொது வடிவில் எடுக்க முடிய வேண்டும். பெயர், விலாசங்களுக்கு சி.எஸ்.வி. அல்லது வி.சி.எப்.; நாட்காட்டிக்கு ஐ.சி.எஸ். விற்பவரிடம் இந்த மூன்று பெயரையும் சொல்லிக் கேளுங்கள். "எங்கள் சாப்ட்வேரில் மட்டும்தான் திறக்கும்" என்று பதில் வந்தால் வாங்க வேண்டாம்.

தமிழில் பதிய முடியுமா?

நம் வாடிக்கையாளர் பெயர்களைத் தமிழில் பதிவதே எளிது. ஆனால் பழைய எழுத்துரு முறைகளில் அடித்த பெயர்கள், அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் பொருளற்ற குறிகளாகத் தெரியும். எனவே யூனிகோட் முறையில் தமிழ் ஏற்கும் மென்பொருளையே எடுக்க வேண்டும். ஒரு தமிழ்ப் பெயரை அடித்து, தேடி, அச்சிட்டு, வெளியே எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

எதை எடுக்கலாம்?

நூறு பெயருக்குள் இருக்கும் சிறு கடைக்கு எக்செல் அல்லது இலவசமான லிப்ரே ஆபீஸ் கால்க் தாளே போதும். ஆனால் அது தானாக நினைவூட்டாது. அதற்கு மேல் போனால் மொசில்லாவின் தண்டர்பேர்ட் நல்ல தேர்வு. இலவசம், மின்னஞ்சல், விலாசப் புத்தகம், நாட்காட்டி, வேலைப் பட்டியல் எல்லாம் உண்டு, மேலே சொன்ன பொது வடிவங்களில் எடுக்கலாம். ஏற்கெனவே மைக்ரோசாப்ட் ஆபீஸுக்குப் பணம் கட்டுபவர்கள் அதிலுள்ள அவுட்லுக்கைப் பயன்படுத்தலாம். அவுட்லுக் 2002 வரையிலான பதிப்புகளில் விவரப் பைல் 2 ஜி.பி.யைத் தாண்டினால் கெட்டுப்போகும் அபாயம் இருந்தது. அப்படிப்பட்ட பழைய பைலை இன்னும் வைத்திருப்பவர்கள் உடனே புதிய பதிப்புக்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.

இணையக் கணக்கில் வைத்தால் செல்போனிலும் பார்க்கலாம் என்பது வசதிதான். ஆனால் அந்தக் கணக்கு கடையின் பெயரில், முதலாளியின் போன் நம்பரில் தொடங்கப்பட வேண்டும். வேலையாளின் சொந்தக் கணக்கில் வாடிக்கையாளர் பட்டியலை வைத்துவிட்டு, அவர் விலகிய பிறகு கேட்டு நிற்பதில் பயனில்லை.

நான்கு எச்சரிக்கைகள்

1. வாரம் ஒரு முறை பென் டிரைவில் நகல் எடுங்கள். இரண்டு பென் டிரைவ் வைத்து மாற்றி மாற்றி எடுத்து, ஒன்றை வீட்டில் வையுங்கள்.

2. பாங்கி பாஸ்வேர்டு, ஏ.டி.எம். ரகசிய எண் ஆகியவற்றைக் குறிப்பேட்டில் எழுத வேண்டாம்.

3. வாடிக்கையாளரின் போன் நம்பர் பட்டியலைப் பிறருக்குக் கொடுக்க வேண்டாம். தனிநபர் விவரங்களைக் காக்க 2023இல் தனிச் சட்டமே நிறைவேறியிருக்கிறது.

4. கடையில் குறைந்தது இரண்டு பேருக்காவது மென்பொருளை இயக்கத் தெரிந்திருக்க வேண்டும். அதில் ஒருவர் வீட்டு மனிதராக இருப்பது நல்லது.

வாங்குமுன் ஒரு சோதனை

இருபது பெயரையும் ஐந்து தேதிகளையும் பதிந்து ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். பிறகு அவற்றை வெளியே எடுத்து, வேறொரு கம்ப்யூட்டரில் வேறொரு மென்பொருளில் திறந்து பாருங்கள். ஒரு பெயரும் விடுபடாமல், தமிழ் எழுத்துக் குலையாமல் வந்தால் தைரியமாக எல்லாவற்றையும் ஏற்றலாம். வராவிட்டால் இழப்பு ஒரு வார உழைப்பு மட்டுமே. சிட்டையை மட்டும் அவசரப்பட்டுத் தூக்கிப் போட வேண்டாம். ஒரு கணக்காண்டு முடியும் வரை இரண்டும் சேர்ந்தே நடக்கட்டும்.