குளிரில் கிளம்ப மறுக்கும் டீசல் லாரி

மார்கழி, தை மாதங்களில், தில்லியிலோ லூதியானாவிலோ லாரிகள் நிற்கும் இடத்தின் வழியே விடியற்காலையில் சென்றோமானால் ஒரு காட்சியைக் காணலாம். லாரியில் சரக்கு ஏற்றியாகிவிட்டது. குறித்த நேரத்தில் போய்ச் சேர வேண்டும். ஓட்டுநர் சாவியைத் திருப்புகிறார். எஞ்சின் முனகுகிறதேயன்றி உயிர் பெறவில்லை. நாமக்கல், சங்ககிரி முதலிய ஊர்களிலிருந்து வடக்கே ஓட்டி வரும் நம்மவர்களுக்கும், இங்கேயே குடியேறிப் பழைய லாரி ஒன்றைக் கொண்டு பிழைப்பு நடத்துவோருக்கும் இது பழகிய துன்பமே. ஊரில் ஒரே திருப்பலில் கிளம்பிய வண்டி இங்கே பிடிவாதம் செய்வானேன்? மெக்கானிக் வருமுன் நாமே அறியக்கூடியவை யாவை?

பெட்ரோல் எஞ்சினில் தீ மூட்டுவதற்கு மின்பொறி உண்டு. டீசல் எஞ்சினில் அது கிடையாது. ருடால்ஃப் டீசல் என்னும் ஜெர்மன் பொறியியல் அறிஞர் 1897-ஆம் ஆண்டில் வெற்றிகரமாக இயக்கிக் காட்டிய இவ்வகை எஞ்சினில், நெருக்கப்பட்ட காற்றின் உஷ்ணமே தீக்குச்சியாகும். சைக்கிளுக்குக் காற்றடிக்கையில் பம்பின் அடிப்பாகம் சூடாவதை நாம் அறிவோம். அவ்வாறே, சிலிண்டரில் புகுந்த காற்றைப் பிஸ்டன் ஏறத்தாழ 16-இல் ஒரு பங்காக நெருக்குங்கால், அக்காற்று சுமார் 500 டிகிரி சென்டிகிரேட் வரை சூடேறுகிறது. அத்தருணத்தில் நாசில் தூவும் டீசல் தானே பற்றிக்கொள்கிறது. ஆகவே, எஞ்சின் வேகமாகச் சுழல வேண்டும், காற்று கசியலாகாது, டீசல் உரிய நேரத்தில் பனித்துளிபோல் தூவப்பட வேண்டும். இம்மூன்றில் எது குறைந்தாலும் வண்டி கிளம்பாது.

குறை எங்கே என்பதை அறியச் சைலன்சரைப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். செல்ப் சுற்றும்பொழுது புகையே வரவில்லையென்றால், டீசல் சிலிண்டருக்குப் போய்ச் சேரவில்லை. வெண்புகை வந்தால், டீசல் சேர்ந்தும் எரியவில்லை. போதிய உஷ்ணம் இல்லை அல்லது தூவும் நேரம் தவறியிருக்கிறது. கரும்புகை வந்தால், காற்று குறைவு அல்லது டீசல் மிகுதி. அப்போது ஏர் பில்டர் அடைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

முதலில் சுழற்சியைக் கவனிப்போம். குளிரில் பேட்டரியின் வலிமை குன்றுகிறது. எஞ்சின் ஆயிலோ கெட்டியாகிச் சுழற்சியைத் தடுக்கிறது. மெல்லச் சுழன்றால், நெருக்கிய காற்றின் சூடு குளிர்ந்த சுவர்களில் வீணாகிவிடும். பேட்டரி முனைகளில் பூத்த உப்பைத் துடைத்து, அவற்றையும் எர்த் கம்பியையும் இறுக்குவது செலவில்லாத வைத்தியம். செல்பை ஒரே மூச்சில் 10 விநாடிக்கு மேல் சுற்றாமல், இடையில் ஒரு நிமிஷம் ஓய்வு கொடுப்பது நலம்.

அடுத்தது டீசல். எஞ்சினை நிறுத்தும் கம்பி முழுவதும் திரும்பியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, குழாய்களை ஆராய்வோம். தொட்டிக்கும் பம்புக்கும் இடையிலுள்ள குழாயில் ஒரு வாஷர் தேய்ந்திருந்தால், டீசல் வெளியே சொட்டாது. காற்றுதான் உள்ளே புகும். இரவில் டீசல் தொட்டிக்கே இறங்கிவிட, காலையில் ஏர் பிடித்துக்கொள்ளும். பில்டரின் மேலுள்ள திருகைத் தளர்த்தி, கைப்பம்பை அழுத்தி, நுரை நின்று டீசல் தெளிவாக வரும்போது இறுக்க வேண்டும். பின்னர் பெரிய பம்பிலும் அவ்வாறே ஏர் எடுக்க வேண்டும். தினமும் காலையில் இதைச் செய்ய நேர்ந்தால், காற்று புகும் ஓட்டையைத் தேடுவதே முறை. நாசில் வேலை செய்யும்போது அதன் முன் கையை நீட்டலாகாது. அதன் அழுத்தம் தோலைத் துளைத்து இரத்தத்தில் டீசலைச் செலுத்திவிடும்.

காஷ்மீரம், லடாக் போன்ற இடங்களில் இன்னொரு தொல்லை உண்டு. கடுங்குளிரில் டீசலிலுள்ள மெழுகு உறைந்து பில்டரை அடைத்துவிடும். இதற்கெனவே, 2019-ஆம் ஆண்டில் இந்தியன் ஆயில் நிறுவனம், மைனஸ் 33 டிகிரி வரை உறையாத டீசலை லடாக்கில் வழங்கத் தொடங்கியது.

குளிரில் மட்டும் அடம்பிடித்து, சூடான பின் எளிதில் கிளம்பும் எஞ்சினில், பிஸ்டன் ரிங்குகளோ வால்வுகளோ தேய்ந்திருக்கலாம்; சூடேற்றும் பிளக் உள்ளதானால் அது பழுதாகியிருக்கலாம். மாறாக, சூடாயிருக்கும்போதுதான் கிளம்ப மறுக்கிறதென்றால், பம்பின் உட்பாகம் தேய்ந்து, இளகிய டீசல் கசிகிறதோ என்று ஐயுற வேண்டும். இவ்வேறுபாட்டை மெக்கானிக்கிடம் சொன்னால், வீணாக எஞ்சினைப் பிரிக்கும் செலவு மிஞ்சும்.

எஞ்சினின் அடியில் நெருப்பு மூட்டிச் சூடேற்றும் வழக்கத்தை மட்டும் நாம் கைவிட வேண்டும். டீசல் கசிந்த இடத்தில் ஒரு பொறி விழுந்தால் வண்டியும் சரக்கும் மட்டுமல்ல, உள்ளே உறங்கும் கிளீனரின் உயிரும் போய்விடும். சூடேற்றும் பிளக் உள்ள எஞ்சினில் ஈதர் தெளிப்பதும் அத்தகைய அபாயமே. காலையில் அரைமணி தாமதமானாலும், கம்பியை இறுக்கி, ஏர் எடுத்து, மெல்லக் கிளப்பும் வண்டியே நம்மை ஊர் கொண்டு சேர்க்கும்.