மயக்க மருந்து மட்டும்தான் குற்றவாளியா?

"ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது. ஆனா பாட்டி என்னையே யாருன்னு கேக்குறாங்க!" ஆஸ்பத்திரி வராந்தாவில் இப்படிப் புலம்புபவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பக்கத்தில் நிற்பவர் உடனே தீர்ப்பே சொல்லிவிடுவார்: "எல்லாம் மயக்க மருந்தோட வேலை!"

நண்பர்களே, டாக்டர்களும் ரொம்ப நாள் இதே சந்தேகத்தில்தான் இருந்தார்கள். 1955-ல் பெட்ஃபோர்டு என்ற இங்கிலாந்து மருத்துவர் 'லான்செட்' இதழில் இதைப் பற்றி எழுதினார். 1998-ல் வெளியான பன்னாட்டு ஆய்வில் 60 வயது தாண்டிய 1,218 பேருக்கு ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் ஞாபகசக்தி, கவனம் எல்லாம் சோதித்தார்கள். ஒரு வாரத்தில் 25.8 சதவீதம் பேருக்குக் குறைவு. மூன்று மாதத்தில் அது 9.9 சதவீதம்.

ஒரே பரீட்சையை இரண்டாம் தடவை எழுதினால் மார்க் கூடும். அரியர் எழுதிய நமக்குத் தெரியாததா? அதனால் ஆபரேஷனே செய்துகொள்ளாத முதியவர்களையும் சோதித்து ஒப்பிட்டார்கள். மூன்று மாதம் கழித்து அவர்களிலும் 2.8 சதவீதம் பேர் சறுக்கியிருந்தார்கள்!

சரி, முழு மயக்கத்துக்குப் பதில் முதுகில் ஊசி போட்டால்? 2021-ல் அமெரிக்கா, கனடாவில் இடுப்பெலும்பு முறிந்த 1,600 பேரிடம் பார்த்தார்கள். குழப்பம் வந்தது முதுகு ஊசியில் 20.5, முழு மயக்கத்தில் 19.7 சதவீதம். வித்தியாசமே இல்லை. மூளை அலையை ஈ.ஈ.ஜி.யில் பார்த்து மருந்தைக் குறைத்த 2019 ஆய்விலும் பலனில்லை. ஆனால் 2021-ல் இன்னொரு ஆய்வில் மயக்கத்தின் ஆழத்தைக் குறைத்ததும் குழப்பம் குறைந்தது. எலக்ட்ரானிக்ஸ் பிரிவு நண்பர்களுக்கு இன்னும் வேலை இருக்கிறது!

இப்போது ஆராய்ச்சியாளர்களின் பார்வை அறுவைக் காயத்தின் பக்கம் திரும்பியிருக்கிறது. காயத்தால் உடம்பில் கிளம்பும் அழற்சி மூளையையும் தொடுகிறதாம். ஏற்கெனவே ஞாபகம் மங்கியவர்களுக்கு ஆபத்து அதிகம்.

என்னைக் கவர்ந்தது 1999-ல் வந்த அமெரிக்க ஆய்வு. ஆபரேஷன் வார்டு அல்ல, பொது வார்டுதான். 70 வயது தாண்டிய 852 பேர். கண்ணாடி, காது மிஷின், தண்ணீர், இரவில் நல்ல தூக்கம், எழுந்து நடக்க வைப்பது, பேச்சுத்துணை. இவ்வளவுதான் சிகிச்சை! குழப்பம் 15-லிருந்து 9.9 சதவீதமாக இறங்கியது. நாமோ பாட்டியின் கண்ணாடியை "பத்திரமா இருக்கட்டும்"னு வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகிறோம்.

கத்துவது, பிதற்றுவது மட்டும் குழப்பம் அல்ல. பேச்சு மூச்சில்லாமல் தூங்கிக்கொண்டே இருந்தாலும் அதுவாக இருக்கலாம். "அசதியா இருக்கும்"னு விட்டுவிடாமல் உடனே டியூட்டி டாக்டரிடம் சொல்லுங்கள். கிருமித் தொற்றோ, ரத்தத்தில் உப்பு குறைந்ததோ காரணமாக இருந்தால் அவர்தான் கண்டுபிடிக்க முடியும்.